எழுதாத வெள்ளிக்கிழமைகள்

ஸ்வர்ணாவின் கணக்கில் ஒரு சதம்கூடப் பிழைக்காது என்பதை ஜெர்மனியின் எசன் நகரத்துத் தமிழர்கள் ஒற்றுமையாக ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் ஒற்றுமையாக ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் மிகக் குறைவு, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாடசாலைக்கு அவள் பதினொரு வருடம் பொருளாளராக இருந்தாள். ஒருமுறை கலைவிழா முடிந்து மண்டபம் கூட்டுகிற நேரத்தில் நாற்பது சதம் குறைகிறது என்று சொல்லி, தலைவரையும் செயலாளரையும் குளிர்க்கோட்டுப் போட்டபடியே காக்கவைத்தாள்.

"அக்கா, அந்த நாற்பது சதத்தை நான் போட்டுவிடுறன், ஆளை விடுங்கோ" என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்கள் போட்டால் அது நன்கொடை. கணக்கு கணக்காத்தான் இருக்கவேணும்" என்றாள். கடைசியில் ரோல்ஸ் விற்ற மேசையின் துணி மடிப்பில் அந்தக் காசு அகப்பட்டது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஜெர்மனிக்கு வரும் முன் சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் நாலு வருடம் கணக்கு எழுதினாள். தொண்ணூற்றெட்டில் தபோதரனைக் கட்டி எசனுக்கு வந்தபோது இந்த நாட்டுக்கு அவளுடைய கூட்டல் கழித்தல் தேவைப்படவில்லை. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்க ஆள் தேவைப்பட்டது. போனாள். இருபத்தைந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். முணுமுணுக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. ஆனால் ஒரு கொப்பியும் பேனையும் கையில் அகப்பட்டால் அவளுடைய முகமே வேறு.

தபோதரன் நல்ல மனிசன். குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திநாலு வருடம் வேலை. குடி இல்லை, ஊர்வம்பு இல்லை. ஒரேயொரு விசர், இணையத்தில் போக்கர் சீட்டு ஆடுவது. அதிலும் காசு வைத்து நேருக்கு நேர் ஆடுவதில்லை, போட்டிகளில் சேருவார். பத்தோ இருபதோ யூரோ கட்டிச் சேரவேண்டும், நூற்றுக்கணக்கானவர்கள் சேருவார்கள், கடைசி வரைக்கும் நின்று பிடிக்கிற சிலருக்குத்தான் பரிசு. பின்னேரம் வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, மடிக்கணினியைத் திறந்தால் ஆள் வேறு உலகம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது சித்திரையில் ஸ்வர்ணா இதைக் கண்டுபிடித்தாள். "கண்டறியாத சூதாட்டம்" என்று தொடங்கி அரை மணித்தியாலம் ஏசினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இது லொத்தர் சீட்டு இல்லையப்பா. நூறு தரம் சேர்ந்தால் எண்பத்தைஞ்சு தரம் ஒண்டும் வராது. எப்பவோ ஒருநாள் பெரிசா வரும். ஒருநாளை வைச்சோ ஒரு மாதத்தை வைச்சோ ஆள் கெட்டிக்காரனோ மடையனோ எண்டு சொல்லேலாது. ஆயிரக்கணக்கிலை ஆடி, கட்டினது எவ்வளவு, வந்தது எவ்வளவு எண்டு பாத்தால்தான் தெரியும்."

கட்டினது எவ்வளவு, வந்தது எவ்வளவு. அந்த வார்த்தையில்தான் ஸ்வர்ணா விழுந்தாள். சூது என்றால் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் கணக்கு என்றால் விடமாட்டாள். "சரி, ஆடுங்கோ. ஆனால் ஒவ்வொரு சதமும் என்ரை கொப்பியிலை ஏறவேணும். ஏறாத நாள் கொம்பியூட்டர் குப்பைத்தொட்டிக்குள்ளை" என்றாள்.

அன்றிலிருந்து நீலமட்டைக் கொப்பி ஒன்று சமையலறையில் அரிசிப் பேணிக்குப் பக்கத்தில் குடியேறியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலைக்கும் குங்குமம். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. அவர் அறையிலிருந்து "பதினொண்டு போட்டிருக்கிறன்" என்று கத்துவார், இவள் தாளிக்கிற கரண்டியை வைத்துவிட்டு எழுதுவாள். அவர் மூன்று இணையத்தளங்களில் மாறிமாறி ஆடினார். அதில் ஒன்று இடையில் ஜெர்மனியில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டது, பழைய பதிவெல்லாம் அதோடு போயிற்று. ஆகையால் தபோதரன் ஆடிய ஆட்டத்துக்கு முழுச் சாட்சி என்று உலகத்தில் இருந்தது ஸ்வர்ணாவின் கொப்பி மட்டும்தான்.

ஆறு வருடத்தில் கொப்பிகள் ஒன்பதாகின. வருடம் முடிய அவள் கூட்டி, கழித்து, வீதம் எடுத்துக் கொடுப்பாள். இந்தச் சித்திரையில் ஆறு வருடத்தையும் ஒன்றாகக் கூட்டினாள். கட்டியது நாற்பத்தாறாயிரத்து நூற்றியெண்பது. வந்தது ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. நூறு யூரோ கட்டினால் பதினாலு யூரோ லாபம்.

"பதினாலு வீதம்" என்றார் தபோதரன். பிறகு மெதுவாக இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அவருடைய ஐம்பத்திமூன்று வருடத்தில் யாரும் அவருக்கு ஒரு நல்ல மார்க்ஸ் போட்டதில்லை. இடுப்பு வலிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த கடதாசியும், மச்சான்மாரின் நக்கலும்தான் அவர் கண்ட சான்றிதழ்கள். அந்தப் பதினாலை அவர் மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்காத குறைதான். ஸ்வர்ணாவுக்கும் உள்ளுக்குள் சந்தோசம், பொய் சொல்லக்கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். தானாக விலகிப் போகிறவர்களுக்கு அப்ஃபிண்டுங், அதாவது விலகல் காசு, ஐம்பத்தெட்டாயிரம். விருப்பமென்றால் இரண்டு கிழமைக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும். விருப்பமில்லாதவர் இருக்கலாம், அவருடைய சேவைக்காலத்துக்கு யாரும் அவரைத் தூக்க மாட்டார்கள்.

தபோதரன் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். "இடுப்பும் ஏலாது. அந்தக் காசை முதலா வைச்சு, நாள் முழுக்க ஆடினால், பெரிய போட்டியளிலை சேர்ந்தால், பதினாலு வீதத்துக்குச் சம்பளத்தை விடக் கூட வரும்" என்றார். சொன்னாரே தவிரக் கையெழுத்து வைக்கவில்லை. காலையில் பால் எடுக்கும்போது ஒருதரம் வாசிப்பார், இரவு தண்ணீர் எடுக்கும்போது ஒருதரம் வாசிப்பார். வேலையை விடவேண்டாம் என்பது ஸ்வர்ணாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கணக்கு அவளுடையது, அதைப் பிழை என்று எந்த வாயால் சொல்லுவாள்?

கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மகள் கவிசா வீட்டுக்கு வந்தாள். டுசல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிற பிள்ளை. அப்பா வேலையை விடுகிற கதை கேட்டதும் பேயறைந்தவள் மாதிரி ஆனாள். சண்டை பிடிக்காமல் ஒன்பது கொப்பியையும் வாங்கிக்கொண்டு சமையலறை மேசையில் இருந்து, கணினியில் பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தின கிழமைகளில் அம்மா படமெடுத்து அனுப்பிய பக்கங்களோடு சேர்த்து, மிச்சத்தையும் கணினியில் ஏற்றினாள். ஸ்வர்ணா அடுப்படியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வெள்ளிக்கிழமையளிலை சும்மாவோ விளையாடுறவர்?"

"என்ன சும்மா?"

"காசு கட்டாமல். நாள் வாரியாப் பிரிச்சுப் பாத்தன். வெள்ளிக்கிழமையிலை வரவு நிறைய இருக்கு. செலவு ஒண்டுமே இல்லை."

"அது சனிக்கிழமையிலை எழுதியிருப்பன் பிள்ளை. சனிக்கிழமையைப் பார்."

"முதல் ஆறு மாதத்தைத் தவிர, சனிக்கிழமையிலை சனிக்கிழமைக் கணக்கு மட்டும்தான் அம்மா இருக்கு."

ஸ்வர்ணா அடுப்பை நிற்பாட்டினாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவள் வீட்டிலிருந்து காசு வெளியே போகாது. அவளுடைய தாயும் அப்படித்தான், தாயின் தாயும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு முட்டை இரவல் கேட்டாலும் நாளைக்கு வாங்கோ என்றுதான் பதில். தபோதரன் அன்றைக்கும் ஆடுவார், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். வெள்ளியிரவு இரண்டு போட்டி வழமை. ஒன்று இருபத்திரண்டு, மற்றது பன்னிரண்டு. மொத்தம் முப்பத்திநாலு. அன்றைக்கு வந்த வரவை எழுதுவாள், வரவு எழுதினால் லட்சுமிக்குச் சந்தோசம். செலவை மட்டும் அன்றைக்கு எழுத மனம் வராது, விடிய எழுதுவாள். முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஒழுங்காக எழுதினாள். பிறகு இல்லத்தில் சனிக்கிழமைக் காலை வேலை வந்தது, அதற்குப் பின்னால் கொரோனா வந்தது, அதற்குப் பின்னால் அவள் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாட்டைச் சொல்லாதை. நான் முதல் பாக்கிறன்" என்றாள்.

சனிக்கிழமை வேலையால் வந்து, அவர் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, ஒன்பது கொப்பியையும் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகத் தடவினாள். எழுதாத வெள்ளிக்கிழமை இருநூற்று எண்பத்தெட்டு. முப்பத்திநாலால் பெருக்கினாள். ஒன்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதைச் செலவில் சேர்த்துக் கழித்தால் லாபம் இல்லை. மூவாயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு யூரோ நட்டம். நூற்றுக்கு ஆறு கையைக் கடித்திருக்கிறது. மாதத்துக்கு நாற்பத்தாறு யூரோ. சம்பளம் வருகிற வீட்டில் அது யாருடைய கண்ணிலும் படவில்லை.

பேனையை மூடிவைத்துவிட்டு அழுதாள். காசுக்காக அழவில்லை. நாற்பது சதத்துக்கு ஊரைக் காக்கவைத்தவள், தன் வீட்டுக்குள் பத்தாயிரத்தைத் தவறவிட்டிருக்கிறாள். அந்த மனிசன் ஐம்பத்திமூன்று வயதில் கண்ட ஒரேயொரு நல்ல மார்க்ஸ் அவளுடைய பிழை. அதை எப்படிப் பறிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பறிக்காமல் விட்டால் திங்கட்கிழமை வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிய அவரே கடிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"நாளைக்குப் பன்ரண்டு மணிக்குள்ளை குடுக்கவேணும். உமக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு உள்ளுக்குள்ளை நடுக்கமா இருக்கு. விடவும் மனமில்லை, வைக்கவும் பயமா இருக்கு. உம்மடை கணக்கைத்தான் நம்பியிருக்கிறன். நம்பலாம்தானே ஸ்வர்ணா?"

கவிசா தாயைப் பார்த்தாள்.

"நம்பேலாதப்பா" என்றாள் ஸ்வர்ணா.

எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, விளக்கு, சனிக்கிழமை வேலை, மறதி. சனிக்கிழமை போட்ட கணக்குத் தாளை அவருக்கு முன்னால் தள்ளினாள். "பதினாலு இல்லை. மைனஸ் ஆறு. பிழை என்ரை. நீங்கள் என்ன ஏசினாலும் கேக்கிறன்."

அவர் ஏசவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியதை அவள் கண்ணால் கண்டாள். பாவமாக இருந்தது, கையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. மானம் போனால் போகட்டும், வேலை தப்பியது என்று நினைத்தாள். அவர் கடிதத்தை இரண்டாக மடித்தார். பிறகு மடித்த கை நின்றது.

"நில்லும். வெள்ளிக்கிழமையைச் சேர்த்தால் மைனஸ் ஆறு. சேர்க்காட்டில் பதினாலு. அப்பிடித்தானே?"

"அப்பிடி இல்லையப்பா."

"நீர்தானே எழுதி வைச்சிருக்கிறீர். அப்ப முழு நட்டமும் வெள்ளிக்கிழமையிலைதான் வந்திருக்கு." அவர் நிமிர்ந்து இருந்தார். "வெள்ளி எண்டால் எல்லாரும் வேலை முடிச்சுக் குடிச்சுப்போட்டு வந்து கண்மண் தெரியாமல் காசை எறிவாங்கள். அதுக்குள்ளை என்ரை ஆட்டம் எடுபடாது. எங்கை ஓட்டை எங்கை ஓட்டை எண்டு ஆறு வருசமாத் தேடினன். நீர் ஒரு நாளிலை பிடிச்சுப்போட்டீர்."

"ஐயோ, இல்லையப்பா. வெள்ளிக்கிழமையிலை வந்த வரவு அந்தப் பதினாலுக்குள்ளை இருக்கு. வெள்ளியை எடுக்கிறதெண்டால் வரவையும் சேர்த்தெல்லோ எடுக்கவேணும். செலவு எழுதாத வெள்ளிக்கிழமையளின்ரை வரவு ஒன்பதாயிரத்து நூறு. அதைக் கழிச்சால் மற்ற நாளுக்கு வந்தது நாற்பத்திமூவாயிரத்து ஐந்நூற்று நாற்பதுதான். கட்டினது நாற்பத்தாறாயிரம். பாருங்கோ, மற்ற நாளும் நட்டம். எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் போயிருக்கு."

அவள் எழுதிக் காட்டினாள். கூட்டுறவுச் சங்கத்தில் படித்த அழகான இலக்கங்கள். அவர் தாளைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவ்வளவு அன்பாக அவர் சிரித்ததில்லை.

"வெள்ளிக்கிழமை காசு வெளியிலை போகக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனீர். நான்தான் கேக்கேல்லை. கொப்பியே சொல்லுது, நீர் சொன்னது சரியெண்டு."

கவிசா கணினியைத் திருப்பி, வரைபடம் காட்டி, தமிழில் தொடங்கி ஜெர்மன் மொழியில் முடித்துக் கத்தினாள். "அப்பா, அம்மா சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ."

"அம்மா சொல்லுறதைத்தான் பிள்ளை கேக்கிறன்" என்றார் தபோதரன்.

சாமித்தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். ஸ்வர்ணா புதுக் கொப்பிக்கு வைப்பது போலவே கடிதத்தின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தார். நேராகக் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையின் பின்வாசலில் ஸ்வர்ணா தொலைபேசியோடு நின்றாள். தொழிற்சாலை அலுவலகத்தின் இலக்கம் திரையில் இருந்தது. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. என்ன சொல்வது? என் கணவர் கழித்தலைப் பிழையாக விளங்கிக்கொண்டார், கடிதத்தை வாங்கவேண்டாம் என்று சொல்வதா? ஐம்பத்திமூன்று வயது ஆம்பிளையின் கையெழுத்தை மனைவி அழித்துவிடச் சொன்னால் எந்த அலுவலகம் கேட்கும்? போனை எடுக்கிறவள் நிச்சயம் கேட்பாள், ஏன் என்று. அதற்கு வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கவேண்டும், விளக்கிலிருந்து தொடங்கவேண்டும். அவளுடைய ஜெர்மன் மொழி உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் போதும், இதற்குக் காணாது. தமிழில் சொல்லியே கட்டின மனிசனுக்கு விளங்கவில்லை. உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். தொலைபேசியை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே கொண்டாட்டம். தபோதரன் பத்தாவது கொப்பியைத் தானே வாங்கிவந்து, தானே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். ஒரு கிழமைக்கு ஆறு நாள். வியாழனுக்குப் பிறகு சனி. "வெள்ளியிலை நான் அந்தப் பெட்டியைத் தொடமாட்டன். நீர் விளக்கை வையும், நான் தேவாரம் படிக்கிறன்" என்றார். சொன்னபடியே செய்தார். இருபத்தேழு வருடமாக அவள் கும்பிட்டுக் கேட்டது கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் திருநீறு பூசிக்கொண்டு பக்கத்தில் இருப்பார். அவளால் விளக்கை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

மற்ற ஆறு நாளும் ஆடினார். முந்தி பதினொன்று கட்டிய இடத்தில் இப்போது ஐம்பத்தைந்து, நூற்றியொன்பது. "பதினொண்டு போட்டிருக்கிறன்" என்ற சத்தம் "நூற்றியொன்பது" என்று மாறியது. அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுதினாள். பாடசாலைக் கூட்டத்தில் ஒரு நாள் தலைவர் கேட்டார், "அண்ணை வேலையை விட்டிட்டாராம், உங்கடை கணக்கைப் பாத்துத்தான் துணிஞ்சவராம், உண்மையோ அக்கா?" ஓம் என்றாள். வேறென்ன சொல்வது?

ஆனி மாதக் கடைசியில் விலகல் காசு வங்கிக்கு வந்தது. வரி வெட்டியதுபோக நாற்பத்தோராயிரத்து முந்நூற்றெழுபது. விளக்கு வைத்து முடிந்த நேரம். தபோதரன் தொலைபேசியை நீட்டிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்திருக்கு. பாத்தனீரோ? எழுதும், உம்மடை கையாலை எழுதும்."

கொப்பியில் வெள்ளிக்கிழமைக்கு இடம் இல்லை. வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் அவள் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதினாள். வலப்பக்கம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றெழுபது என்று எழுதினாள். அதற்கு எதிரே இடப்பக்கத்தில் ஏறவேண்டியது இருபத்திநாலு வருட வேலை என்று அவளுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேனையை மூடிவைத்தாள். வெள்ளிக்கிழமையில் அவள் செலவு எழுதுவதில்லை.